ரேடியேட்டரில் கஞ்சி

மே 11, யாழ்ப்பாணம்

சென்னையில் ஏறி உட்கார்ந்து, கொடுத்த சமோசாவைத் தின்று முடிப்பதற்குள் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. இதே நேரத்தில் கோயம்பேட்டிலிருந்து கிளம்பியிருந்தால் செங்கல்பட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். வெளிநாடு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

'வண்டி வம்பு' நான்காவது சீசனின் கடைசி மூன்று எபிசோடுகள் இங்கே. மகிழ்நன் ஓட்டுவான், பெஞ்சமின் படம் பிடிப்பான், மீதி எல்லாம் நான். எழுதுவது, திட்டமிடுவது, மகிழின் சட்டைக்கு இஸ்திரி போட ஆள் தேடுவது வரை. கிளம்பும்போது எங்கள் தயாரிப்பாளர் ஜெயவேல் சார் சொன்னார்: "சாரு, இந்த மூணும் நல்லா வந்துடுச்சுன்னா அடுத்த சீசன்ல உன் பேருக்கு முன்னாடி 'இணை' இருக்காது." ஒன்பது வருஷமாக இணை இயக்குநர். அந்த இரண்டெழுத்தைக் கழற்ற இந்தப் பத்து நாள்.

இங்கே எங்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்பவர் தயாபரன். நாற்பத்தெட்டு வயதிருக்கும். சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். அனுமதிக் கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. விமான நிலையத்தில் அவர் கேட்ட முதல் கேள்விதான் கொஞ்சம் இடித்தது.

"ஏன் தங்கச்சி இந்தக் கிழமை வந்தனியள்? அடுத்த மாதம் வந்திருக்கலாமே."

மகிழுக்கு இந்த வாரம்தான் தேதி இருந்தது என்றேன். "சரி, பாப்பம்" என்றார்.

மகிழ்: பச்சைச் சட்டை, புது ஷூ. தொடர்ச்சிக்காகக் குறித்துக்கொள்கிறேன்.

மே 12, யாழ்ப்பாணம்

கார் கிடைத்தது. அறுபது வயதுக் கார். இங்கிலாந்தில் செய்த உருண்டை முகம், கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்குகிறது. மகிழ் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டான். இதை யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு வழியாகத் திருகோணமலை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போய்ச் சேராது என்பதுதான் நிகழ்ச்சியே.

தயாபரன் வேறு வழி சொன்னார். வவுனியா வழியாகப் போனால் ரோடு நல்லது, தங்க இடம் உண்டு என்றார். எனக்குக் கடலும் வெட்டவெளியும் வேண்டும். முல்லைத்தீவுதான் என்று நின்றேன்.

"அந்த வழியில இந்தக் கிழமை சனம் கஞ்சி குடுக்கும் தங்கச்சி. வாகனங்களை மறிச்சுக் குடுப்பினம்."

நல்லதாகப் போயிற்று என்றேன். 'வழியில் ஒரு வாய்' பகுதிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எபிசோடிலும் மகிழ் சாலையோரத்தில் எதையாவது தின்பான், முகத்தைச் சுளிப்பான், நக்கலாக ஒன்று சொல்வான். சட்டென்று தோன்றிச் சொன்னது போலிருக்கும். அது அவன் காதில் இருக்கும் இயர்பீஸ் வழியாக நான் சொல்வது என்பது எங்கள் மூவருக்கும்தான் தெரியும். போன சீசனில் மலேசியக் கடைக்காரர் ஒருவரை அப்படி ஓட்டியபோது அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தயாபரன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப எங்கட அக்காவின்ர இடத்தில நிப்பாட்டுவம். தெரியாத ஆக்களட்டப் போறதைவிட அது நல்லது" என்றார்.

மே 13, முல்லைத்தீவு

எதிர்பார்த்ததைவிட நல்ல நாள்.

பரந்தன் தாண்டியதுமே மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தயாபரனின் அக்கா இருந்த இடத்துக்கு வரும்போது முன்னாலிருந்து ஆவி. பூவரச மரத்தடியில் மூன்று கல் வைத்துப் பெரிய அண்டாவில் கஞ்சி. ஏழெட்டுப் பெண்கள், வரிசையில் இருபது பேர். மகிழ் பானெட்டைத் திறந்து, துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஆறட்டும் என்று கஞ்சி வரிசைக்குப் போனான்.

அக்கா பெயர் இராசமலர். ஐம்பத்தைந்து இருக்கும். தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சியை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடியுங்கோ தம்பி. இந்தியாவில இருந்து வந்து எங்களோட நிண்டு குடிக்கிறியள். சந்தோசம்."

அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் கிடையாது. மகிழ் ஒரு வாய் குடித்தான். "என்னக்கா, சமையல் பாதியில கரண்ட் போயிடுச்சா?" என்றான். பிறகு சிரட்டையோடு நேரே காருக்குப் போய், மிச்சத்தை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, பானெட்டைத் தட்டிக் கொடுத்தான். "சாப்பிடு மாப்பிள்ளை, உனக்குத்தான் பத்தியச் சாப்பாடு." பெஞ்சமின் சிரித்ததில் கேமரா ஆடியது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி? சில சமயம் இவனுக்கு இப்படித் தானாக வந்து அமைந்துவிடுகிறது.

அந்த அம்மா அடுத்து நின்றவருக்கு ஊற்றப் போய்விட்டார். அதற்கு முன்னால் தயாபரன் என் பக்கத்தில் வந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை அதற்குமேல் இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தோம். விடுதியில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. நாற்பது நொடி முன்னோட்டம் ஒன்று வெட்டி சேனலுக்கு அனுப்பிவிட்டேன்.

மே 14, முல்லைத்தீவு

நாள் முழுக்க கராஜில் போயிற்று. மெக்கானிக் நல்ல வேலைக்காரர் என்று தயாபரன் சொன்னார். ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றினார். பழுப்புத் தண்ணீரோடு சோறு வந்தது.

"இது எங்கயிருந்து வந்த சோறு?" என்று கேட்டார்.

தயாபரன் குனிந்துகொண்டே மெதுவாக என்னவோ சொன்னார். மெக்கானிக் கையைத் துடைத்தார், ஸ்பானரைப் பெஞ்சில் வைத்தார், உள்ளே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. இத்தனைக்கும் நாங்கள்தான் அன்றைக்கு அவருக்கு ஒரே வாடிக்கை.

மிச்ச வேலையைத் தயாபரனே செய்தார். குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை விட்டு விட்டு, ஒவ்வொரு பருக்கையாக வடித்தார். இரண்டு மணி நேரம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எனக்குப் பாலத்துக் காட்சி பாக்கி. "சும்மா சாக்கடையில விடுங்கண்ணா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணியை முடிந்து வேனின் முன்பக்கத்தில் வைத்தார்.

பாலத்துக் காட்சி எடுக்க முடியவில்லை. எரிச்சல்.

முன்னோட்டம் நன்றாக ஓடுகிறதாம். ஜெயவேல் சார் மூன்று கைதட்டல் அனுப்பியிருக்கிறார்.

மே 15

முன்னோட்டத்துக்கு வந்த கமெண்ட்டுகள் காலையில் பார்த்தபோது சிரிப்பு. மதியம் பார்த்தபோது வேறு.

முதலில் கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், பிறகு லண்டன், பிறகு இங்கேயே. பிறகு சென்னையிலிருந்தும். எல்லோரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். போரின் கடைசி வாரங்களில் இந்தக் கடற்கரையில் அடைபட்ட சனத்துக்குக் கிடைத்த ஒரே சாப்பாடு இந்த உப்புக் கஞ்சிதானாம். ஒவ்வொரு மே மாதமும் இந்த ஒரு வாரம் அதையே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, வழியில் போகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். செத்தவர்களை நினைத்துக் குடிப்பதாம். குடிப்பவர் ஒரு சொட்டுக்கூடக் கீழே விடமாட்டாராம்.

சேனல் முன்னோட்டத்தை நீக்கிவிட்டது. நீக்கி என்ன, ஆயிரம் பேர் போனில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

மகிழ் காலையிலிருந்து சாப்பிடவில்லை. "தெரியாமப் பண்ணிட்டேன் சாரு, சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். யாருக்கும் தெரியாது மகிழ் என்றேன்.

துணி துவைத்தேன். கடற்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

மே 16

விடுதி வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். முப்பது பேர் இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் வெறும் சிரட்டை. கோஷம் கிடையாது, பதாகை கிடையாது. ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை நின்றார்கள். சத்தம் போட்டிருந்தால் பயமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இது தாங்கவில்லை.

தயாபரன் வெளியே போய் அவர்களிடம் பேசப் பார்த்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இராசமலர் அந்தக் கூட்டத்தில் இல்லை. கூட வந்திருந்த ஓர் ஆள் மட்டும் உரக்கக் கேட்டார்.

"அந்த இந்தியாக்காரரை விடு. உனக்குத் தெரியாதோடா தயாபரன்? உன்ர அக்காவின்ர கையால வாங்கி ஊத்தினதைப் பாத்துக்கொண்டு நிண்டனியே?"

"நான் சொன்னனான்" என்றார் தயாபரன். "சொன்னனான் அண்ணை." சொல்லிவிட்டு மாடியில் என் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

வெயில் முகத்தில் அடித்தது. திரையை இழுத்து விட்டேன்.

விடுதிக்காரர் வந்து, குறை நினைக்க வேண்டாம், நாளைக்குக் காலி பண்ணிவிடுங்கள் என்றார்.

மே 17, சென்னை

தயாபரனே எங்களை வேனில் ஏற்றி விமான நிலையம் கொண்டுவந்து விட்டார். வேறு எந்த வேனும் வரவில்லை. மூன்று மணி நேரப் பயணம். பெட்டிகளை இறக்கி வைத்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு உதவி. நீங்கள் போயிடுவியள். நான் இஞ்சதான் இருக்கோணும். எங்கட சனம் நான் தெரிஞ்சுகொண்டு வாய் மூடிக்கொண்டு நிண்டனெண்டு நினைக்குது. நான் உங்களுக்குச் சொன்னனான் எண்ட ஒரு சொல்லை நீங்கள் வெளியில சொன்னாப் போதும். மற்றதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்."

"கண்டிப்பாண்ணா" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் கராஜ் எண்ணெய். மூன்று நாளாகியும் போகவில்லை.

மே 18, சென்னை

மன்னிப்பு வீடியோ. ஜெயவேல் சார் அறையில் காலை பத்து மணிக்குக் கூட்டம். சேனல் வக்கீலும் இருந்தார்.

"மன்னிப்பு மாதிரி இருக்கணும், ஆனா தெரிஞ்சே செஞ்சோம்னு வந்துடக் கூடாது" என்றார் சார். "யாராவது முன்னாடியே சொல்லியிருந்தாங்களா சாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை சார்."

பிறகு எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக இதுதானே தொழில், இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'அந்தக் கஞ்சியின் பின்னால் இருக்கும் வலியை எங்களுடைய உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அறியாமல் நடந்த பிழைக்குத் தலைவணங்கி மன்னிப்புக் கேட்கிறோம்.' வக்கீல் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பெயர் போடவில்லை. தயாபரன் என்று எங்கேயும் இல்லை.

மகிழ் கறுப்புச் சட்டையில் கைகூப்பிப் படித்தான். இரண்டாவது முறை எடுக்கும்போது அந்த வரியில் நின்றுவிட்டான்.

"அவரு நிஜமாவே சொல்லலையா சாரு? அவர் உன்கிட்டப் பேசிட்டு இருந்தது எனக்கு அங்கிருந்து தெரிஞ்சுதே."

"அது கார் இழுக்கிறதப் பத்தி."

"அப்புறம் நீதானே காதுல…"

"மகிழ், லைட் போகுது" என்றேன்.

ஊற்று என்று நான் சொன்னேனா, இல்லை அவன் போகிற போக்கைப் பார்த்து நான் ஏதாவது எடுத்துக் கொடுத்தேனா, அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்? வெயில், சத்தம், நூறு வேலை.

சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். பெரிய கடையில் இல்லை, பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

மே 19

வீடியோ வேலை செய்துவிட்டது. திட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பேர் 'யார் அந்த ஒருங்கிணைப்பாளர்' என்று கேட்கிறார்கள். மாலைக்குள் அங்கே யாரோ பெயரும் படமும் போட்டுவிட்டார்கள். வேனுக்கு முன்னால் நின்று சிரிக்கும் பழைய படம்.

மே 21

பெஞ்சமின் ஹார்டு டிஸ்க்கோடு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன் ஹெட்செட் மைக் ரெண்டாவது டிராக்ல ஓடிட்டே இருந்துருக்கு. எப்பவும் ஓடும், நாமதான் கவனிக்கிறதில்ல. பதிமூணாம் தேதி முழுசும் இருக்கு."

"கேட்டியா?"

"நான் ஒண்ணும் கேக்கல. வேற காப்பி இல்ல. இது உன்கிட்டயே இருக்கட்டும்."

கேட்டிருக்கிறான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். ஒன்பது வருஷமாக எடுத்த காட்சியெல்லாம் நேரம் போட்டுக் குறித்தவள். இதையும் குறித்துவிடுகிறேன்.

11.42. தயாபரன்: தங்கச்சி, ஒரு நிமிசம். இது சும்மா கஞ்சி இல்லை. பகிடி ஒண்டும் பண்ண விடாதேங்கோ.
11.42. நான்: ம்.
11.43. தயாபரன்: அக்காவின்ர மூத்தவன் கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்கதான் ஷெல் விழுந்து செத்தவன். பதினாறு வயசு. நான்தான் தூக்கினனான். சிரட்டை கையில இருந்தது. அவ இண்டைக்குக் குடுக்கிறது அவனுக்குத்தான். அந்தத் தம்பிக்குக் குடிக்க ஏலாட்டி என்னட்டத் தரச் சொல்லுங்கோ, நான் குடிக்கிறன்.
11.43. நான்: சரிண்ணா, சரிண்ணா. ஃப்ரேம்ல நிக்காதீங்க.
11.44. நான்: மகிழ், கரண்ட் போயிடுச்சான்னு கேளு.
11.44. நான்: சூப்பர். அப்படியே கொண்டுபோய் ரேடியேட்டர்ல ஊத்து. ஊத்துடா. மாப்பிள்ளைக்குப் பத்தியச் சாப்பாடுன்னு சொல்லு.
11.45. சிரிப்பு. என்னுடையது.

காதில் விழவில்லை என்று என்னாலேயே சொல்லிக்கொள்ள முடியாதபடி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. நல்ல மைக்.

மே 24

தயாபரன் குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். நான்கு நிமிடம். குளித்து, சாப்பிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டேன்.

என்மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"தங்கச்சி, கொம்பனி எழுதிக் குடுத்ததுக்கு நீங்கள் என்ன செய்யிறது? உங்கட தொழில். எனக்கு விளங்குது. நீங்களாச் சொன்னா அப்பிடிச் சொல்லமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்." அப்புறம் அங்கே நடந்ததைச் சொன்னார். பதினெட்டாம் தேதி எல்லோரும் கடற்கரையில் கூடி விளக்கேற்றுவார்களாம். இவரும் வருஷா வருஷம் செத்துப்போன அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஏற்றுவாராம். இந்த முறை இவர் போய் நின்றதும் இரண்டு பக்கமும் நின்றவர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்களாம். "நான் மட்டும் தனிய நிண்டன். திரி பத்தவும் இல்லை. காத்து."

அதைக்கூடத் தாங்கிவிடலாம் என்றார். அக்கா வீட்டு வாசல் படலையைச் சாத்திவிட்டாராம். உள்ளே விடவில்லை. அவருக்கு அக்காவும் அக்காவுக்கு அவரும் தவிர வேறு யாரும் மிச்சமில்லையாம். "நான் சொன்னனெண்டு சத்தியம் பண்ணுறன், அவ நம்புறாவில்லை. நீங்கள் வீடியோ ஒண்டும் போடத் தேவையில்லை. அவவுக்கு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன்: 'கொஞ்சம் பொறுங்கண்ணா, பார்க்கிறேன்.'

மே 27

இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தேன்.

மே 30

டிஸ்க் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அழித்தால் ஒரு நிமிட வேலை. அழிக்கவில்லை, அதனால் நான் அவ்வளவு மோசமில்லை என்று இன்று காலை பல் துலக்கும்போது நினைத்தேன். உடனே எனக்கே சிரிப்பு வந்தது.

ஜெயவேல் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரிந்தே செய்தாள், வக்கீல் முன்னால் பொய் சொன்னாள், மகிழைத் திட்டு வாங்க வைத்தாள். வீட்டுக்குப் போ என்பார். மகிழ் என் முகத்தில் விழிக்கமாட்டான். ஊர் முழுக்க என் படத்தைப் போடுவார்கள். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதினாலும் இதுதான் விஷயம்.

ஜூன் 3

அடுத்த சீசனுக்குக் கையெழுத்தாகிவிட்டது. இயக்கம்: சாருமதி. 'இணை' இல்லை. சார் எல்லோர் முன்னாலும், "நெருக்கடியில ஆடாம நின்ன பொண்ணு" என்றார். கேக் வெட்டினோம். பெஞ்சமின் வரவில்லை, வேறு நிகழ்ச்சிக்கு மாறிக்கொண்டுவிட்டான். மகிழ் வந்தான். கேக்கை எடுத்து என் வாயில் ஊட்டிவிட்டு, "டைரக்டர் மேடம்" என்றான். அவன் இப்போதெல்லாம் வெளியே போகும்போது முகக்கவசம் போட்டுக்கொள்கிறான்.

ஜூன் 5

தயாபரனின் எண்ணைச் சத்தம் வராமல் ஒதுக்கி வைத்தேன். தடை செய்யவில்லை. வேலை நேரத்தில் அடிக்கடி மின்னுகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 9

மாலையில் புது எண்ணிலிருந்து அழைப்பு. காருக்கு ஸ்பான்சர் தருவதாகச் சொன்னவர் என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

"வணக்கம் பிள்ளை. நான் இராசமலர். தயாபரன்ர அக்கா. அண்டைக்குக் கஞ்சி குடுத்தனான்."

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"சுகமாயிருக்கிறியளோ? தேத்தண்ணி குடிச்சாச்சோ?"

"குடிச்சேம்மா."

"உங்களைக் கனநேரம் மினக்கெடுத்த மாட்டன். அந்தத் தம்பி ஊத்தினது எனக்கு மனசில இல்லை பிள்ளை. அவர் காருக்குத் தண்ணி இல்லாமத் தவிச்சவர், தெரியாத பிள்ளை. அண்டைக்கே விட்டிட்டன். எனக்கு ஒண்டுதான் தெரியோணும். என்ர தம்பி உங்களுக்குச் சொன்னவனோ, சொல்லேல்லையோ?"

அறைக் கதவைச் சாத்தினேன். அவரே தொடர்ந்தார்.

"தான் சொன்னதெண்டு நிக்கிறான். என்ர பிள்ளை வரிசையில நிண்டு செத்த கதையைக்கூட உங்களுக்குச் சொன்னவனாம். அதுதான் எனக்கு நம்பேலாமக் கிடக்கு. பிள்ளையைத் தூக்கினவன் அவன். கையில என்ன இருந்தது, கண் திறந்து கிடந்ததோ மூடிக் கிடந்ததோ, நான் எத்தினையோ தரம் கேட்டிட்டன். இத்தினை வருசத்தில எனக்கு ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அவனால அதைச் சொல்லேலாது. என்னட்டச் சொல்லாதவன் உங்களட்டச் சொன்னானோ? சொன்னவன் எண்டா, அவன் எவ்வளவு பாடுபட்டு அதை வாயில எடுத்திருப்பான். அதுக்குப் பிறகு நான் படலையைச் சாத்தி வச்சிருக்கிறது பாவம். நீங்கள் ஓமெண்டு சொன்னியளெண்டா இப்பவே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

சிரட்டை கையில் இருந்தது. எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இழுப்பறை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகிழும் புதுப் பையன்களும் அடுத்த சீசன் பலகையில் வண்டிப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஊரில் சொல்வார். ஊர் படம் போட்டவரிடம் சொல்லும். நாளைக்குச் சார் என்னைக் கூப்பிடுவார்.

"இல்லம்மா" என்றேன். "அவர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் சேவல் ஒன்று கூவியது.

"அப்பிடியோ" என்றார். பிறகு, "பொய் சொல்லிப் போட்டான், என்ன? என்ர பிள்ளையை வச்சுப் பொய் சொல்லிப் போட்டான்."

இழுப்பறையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"சரி பிள்ளை. வேலை நேரத்தில கரைச்சல் குடுத்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நான் கெட்டவள். இந்த நோட்டில் இதுவரை எழுதியதில் தயக்கமில்லாமல் எழுதிய வரி இது ஒன்றுதான்.

ஜூன் 10

காலையில் ஒளிப்பதிவுக்கு இரண்டு புதுப் பையன்களைப் பார்த்தேன். ஒருவன் தேறுவான். மதியம் தயிர்சாதம்.

சாயங்காலம் தயாபரனின் செய்திகளைத் திறந்து பார்த்தேன். படிக்காதவை பதினேழு. கடைசியாக வந்தது இது:

'தங்கச்சி, அக்காவுக்கு உங்கட நம்பர் குடுத்திருக்கிறன். நீங்கள் உண்மையைத்தான் சொல்லுவியள் எண்டு அவவுக்குச் சொன்னனான். இப்ப உங்களுக்குக் கோல் எடுக்கப் போறா. நான் படலைக்கு வெளியிலதான் நிக்கிறன். கோடி நன்றி.'

அனுப்பிய நேரம் நேற்று மாலை நாலு பத்து. அவர் அக்கா என்னை அழைத்தது நாலு பன்னிரண்டுக்கு.